உள்ளே வராமல் நின்ற அக்கா

கை கழுவுவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அதை உங்களுக்கு நன்றாகவே படிப்பித்திருக்கிறார்கள். முகக்கவசம், அங்கி, கதவில் ஒட்டிய அறிவித்தல் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. கதவடியில் நின்றுகொண்டு, நோயாளியைப் பார்க்க வந்த ஒரு மனிதரிடம் கேள்வி கேட்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. புதிதாக வார்டுக்கு வந்த பிள்ளைகள் சிலர் போன கிழமை என்னைப் பார்க்க வந்தபோது, சனங்கள் பொய் சொல்கிறார்கள் சிஸ்டர், என்ன செய்வது என்று கேட்டார்கள். அன்றைக்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. இப்போது ஆறுதலாக யோசித்துச் சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் வருத்தம் பார்க்கப் போகாமல் விடுவது சின்ன விஷயமல்ல. கலியாண வீட்டுக்குப் போகாவிட்டால் ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பலாம். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரைப் போய்ப் பார்க்காவிட்டால் அந்தக் கதை செத்தவீடு வரைக்கும் நிற்கும். அதனால்தான் வாவிக்கு அந்தப் பக்கமிருந்தும் இரண்டு பஸ் மாறி, ஒரு கையில் தெம்பிலி இளநீரும் மறு கையில் சோற்றுப் பார்சலுமாக வந்து நிற்பார்கள். அவர்களிடம் போய் உங்களுக்குக் காய்ச்சல் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? ஓம் என்றால் திரும்பிப் போகவேண்டும். கொரோனா காலத்தில் ஓம் என்று சொன்னவர்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் எங்கேயோ வைத்திருந்ததை அவர்கள் கண்டவர்கள். கதவடியில் கேட்கப்படுகிற எந்தக் கேள்விக்கும் இல்லை என்பதுதான் பதில் என்று அந்த வருடங்கள் அவர்களுக்குப் பழக்கிவிட்டிருந்தன.

ஓய்வு பெற முதல் நான் கடைசியாகப் பொறுப்புத் தாதியாக இருந்தது இரத்தப் புற்றுநோய்க்காரர்களின் வார்டு. மேல்மாடி, வாவிக் காற்று நேரே வந்து அடிக்கும் பக்கம். கட்டில்கள் அதிகமில்லை. மருந்து ஏற்றிய பிறகு கொஞ்ச நாட்களுக்கு இவர்களுடைய உடம்பில் எதிர்த்து நிற்க ஒன்றுமே இருக்காது. வெளியில் ஒரு பிள்ளைக்கு இரண்டு நாள் மூக்கொழுகலோடு போகிற கிருமி இவர்களைக் கொண்டுபோய்விடும். அந்த நாட்களில் ஒரு நோயாளியை ஒரு நாளைக்கு ஒருவர்தான் பார்க்கலாம் என்று வைத்திருந்தோம்.

அப்படியான நாட்களில்தான் ஜெயந்தன் அங்கே இருந்தார். முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியவர். பாசிக்குடா ஹோட்டல்களில் ஏசி திருத்துகிற வேலை. பிறந்து வளர்ந்தது செங்கலடிப் பக்கம். கலியாணம் முடித்த பிறகு, எங்கள் வழக்கப்படி, மனைவியின் ஊரான ஆரையம்பதியில் போய் இருந்தார். மனைவி சுகிர்தாவுக்கு அப்போது வயிற்றில் முதல் பிள்ளை, கொஞ்சம் வெளியே தெரியத் தொடங்கியிருந்த நேரம். அவள் தினமும் அவித்த சாப்பாடு கொண்டு வருவாள். கணவனுக்கு எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று எங்கள் தாதிப் பிள்ளைகளை விட அவளுக்குத்தான் கவனம் அதிகம்.

ஜெயந்தனை வளர்த்தது அவருடைய அக்கா மங்கை. தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்விட, தம்பியைக் குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி ஆளாக்கியது அவள்தான். அவளுக்கும் சுகிர்தாவின் வீட்டாருக்கும் அவ்வளவு ஒத்துப்போகாது. பெரிய சண்டை என்றில்லை. தம்பியைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று இந்தப் பக்கமும், இன்னும் தம்பியை விடமாட்டேன் என்கிறாள் என்று அந்தப் பக்கமும் மனதில் வைத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு ஒருவர் என்ற எங்கள் விதி அந்தப் புண்ணில்தான் போய்க் குத்தியது. தினமும் வந்தது சுகிர்தா. அக்காவுக்கு முறை கிடைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகிர்தா தன் முறையை விட்டுக்கொடுத்தாள். மச்சாள் வந்து பார்க்கட்டும், நான் திங்கட்கிழமை வாறேன் என்று எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். அன்று நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, படிக்கட்டின் அடியில் மங்கை நின்றாள். மேலே போகவில்லையா என்று கேட்டேன். ஒருவரைத்தானே விடுவீர்கள், மகள் போயிருக்கிறாள், நான் இஞ்ச நிக்கிறேன் என்றாள். முகம் வாடியிருந்தது. தம்பியைப் பார்த்தால் அழுகை வரும் என்று நிற்கிறாள் போலும் என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறினேன். ஜெயந்தனின் கட்டிலருகே ஒரு பெண்பிள்ளை இருந்தது. உயர்தரம் படிக்கிற வயது. குளித்து, தோய்த்த உடுப்புப் போட்டு, முகக்கவசத்தோடு அவ்வளவு ஒழுங்காக இருந்தது. கதவடியில் எங்கள் பிள்ளை அவளிடம் காய்ச்சல், இருமல், தடிமன் எல்லாம் கேட்டிருக்கிறாள். இல்லை என்றிருக்கிறாள். அது உண்மையான பதில். மாமாவுக்குச் சோறு தீத்திவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நேரம் முடியும் வரை கதைத்துக்கொண்டிருந்தாள். அந்த வார்டில் அன்று பிழையாக எதையும் யாரும் காணவில்லை.

திங்கட்கிழமை பார்வையாளர் நேரம் தொடங்க முதல் ஜெயந்தன் எங்கள் தாதி ஒருத்தியைக் கூப்பிட்டு, தன் மனைவி வந்தால் உள்ளே விடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். சுகிர்தா வந்தாள். அவளுக்கு விஷயத்தைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. நான் சொன்னதை அவள் நம்பவில்லை. பிறகு நம்பினாள். கோபப்படவோ கேள்வி கேட்கவோ இல்லை. சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குப் போகச் சொல்லியும் போகவில்லை.

உள்ளே ஜெயந்தன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். டொக்டர் பார்த்துவிட்டு, மனச்சோர்வாக இருக்கலாம், இந்த வருத்தத்தில் இப்படி வருவதுண்டு, மனநல டொக்டருக்குச் சொல்வோம் என்றார். எங்கள் பிள்ளைகளோ, நேற்று வந்த மருமகள், அக்காவின் பிள்ளை, ஏதோ கதை சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், குடும்பப் பிரச்சினை, நாங்கள் தலையிடக்கூடாது என்றார்கள். இரண்டும் நடக்கக்கூடியதுதான். எனக்கு மட்டும் இரண்டும் பொருந்தவில்லை. காரணம் சொல்லத் தெரியவில்லை. வாங்கில் இருக்கிற அந்தப் பிள்ளையைக் கடந்து போய்வரும்போதெல்லாம் உள்ளே ஜெயந்தனையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் கண்டேன். ஜெயந்தன் கட்டிலில் முகக்கவசம் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

நோயாளிகள் கட்டிலில் அதைப் போடமாட்டார்கள், உங்களுக்குத் தெரியும். மூச்சு முட்டுகிறது என்று கழற்றி எறிவார்கள். விசாரித்தால், காலையில் அவரே கேட்டு வாங்கியிருக்கிறார். திரும்பிப் படுத்திருந்ததும் மனைவி வருகிற வாசலுக்கு முதுகைக் காட்டி அல்ல. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஏறாவூர் ஹாஜியாருக்கு முதுகைக் காட்டி. உயிர் வெறுத்தவரும், மனைவியோடு கோபித்தவரும் பக்கத்துக் கட்டில்காரரிடமிருந்து தன் மூச்சைத் திருப்பிப் பிடிக்கமாட்டார்கள். இந்த மனிதர் எதற்கோ பயப்படுகிறார். தனக்காகப் பயப்படவுமில்லை.

திரையை இழுத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். வீட்டில் யாருக்கும் சுகமில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். நேற்று வந்த பிள்ளைக்கு ஏதும் இருந்ததா என்று கேட்டேன். இல்லை சிஸ்டர் என்றார். கதவடியில் சனங்கள் சொல்கிற அதே இல்லை. நான் கேட்ட விதத்துக்கு வேறு பதில் அவரால் சொல்ல முடியாது என்று அப்போதுதான் விளங்கியது. ஓம் என்று சொன்னால் யாரோ ஒருவர் குற்றவாளியாகிவிடுவார். யார் அந்த ஒருவர் என்பதும் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

அதனால் கேள்வியை விட்டுவிட்டு, நான் என்ன செய்வேன் என்பதை முதலில் சொன்னேன்.

"தம்பி, ஆர் எண்டு நான் கேக்கமாட்டன். ஆரிட பேரையும் வெளிய விடவும் மாட்டன். சுகிர்தாவ நீங்க பாக்கிறதுக்கு நான் ஒரு வழி செய்து தருவன். என்ன வருத்தம் எண்டத மட்டும் சொல்லுங்க. அது தெரியாம இஞ்ச ஒருத்தரயும் என்னால காப்பாத்த ஏலா."

அவர் சுவரைப் பார்த்தபடியே, கண்ணைத் துடைக்காமல் சொன்னார்.

"அக்காட சின்னவனுக்கு அம்மாள் வந்திரிக்கா."

உங்களில் சிலருக்கு இதன் கனம் தெரியாமல் இருக்கலாம். சின்னம்மை என்று புத்தகத்தில் இருக்கிற, நாங்கள் வார்டில் கொப்புளிப்பான் என்று சொல்கிற வருத்தத்தை எங்கள் வீடுகளில் பேர் சொல்லிச் சொல்வதில்லை. அம்மாள் வந்திருக்கிறா என்பார்கள். வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். அந்த வீட்டிலிருந்து யாரும் வெளியே போவதில்லை, அந்த வீட்டுக்கு யாரும் வருவதுமில்லை. வெளியில் போய்ச் சொல்கிற கதையுமல்ல அது. சாதாரணமான ஒரு பிள்ளைக்குச் சொறிச்சலும் காய்ச்சலுமாகப் போய்விடுகிற அந்த வருத்தம், ஜெயந்தனைப் போன்ற ஒருவருக்கு நெஞ்சிலும் ஈரலிலும் இறங்கிவிடும். வயிற்றில் பிள்ளை உள்ளவளுக்கும் அது நல்லதல்ல.

மருமகள்தான் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறாள், அம்மா கீழே நிற்கிறா, என் தம்பிக்கு அம்மாள் வந்திருப்பதால் அவ உள்ளே வரவில்லை என்று. அதற்குப் பிறகு அவர் அவள் கையை விடவில்லை. விட்டால் பிள்ளை கவலைப்படும் என்று நினைத்திருக்கிறார். தனக்கு வந்தால் வரட்டும், அக்காவின் பெயர் கெடக்கூடாது என்று அன்றைக்குப் பேசாமல் இருந்துவிட்டார். ஆனால் திங்கட்கிழமை சுகிர்தா வருவாள். அதை மட்டும் அவரால் தாங்கமுடியவில்லை.

ஜெயந்தனிடம் இலக்கத்தை வாங்கி மங்கைக்குப் போன் கோல் எடுத்தேன். மகளுக்குக் காலையில் காய்ச்சல், மத்தியானம் முதுகில் மூன்று நான்கு கொப்புளம் போட்டிருக்கிறது என்றாள். கொப்புளம் வெளியே வருவதற்கு முந்தின நாளே அது மற்றவருக்குத் தொற்றும். அதாவது, அந்தப் பிள்ளை சோறு தீத்திய நேரம்.

"நான் உள்ள வரல்லையே சிஸ்டர்" என்றாள் மங்கை. "சின்னவனத் தொட்டுப் பாத்தவள் நான். அதாலதான் படியிலயே நிண்டன். இவள வேற அறையில வெச்சி, குளிக்க வாத்துத்தான் கூட்டிவந்தன்."

இந்த இடத்தைக் கவனியுங்கள். தொற்றைக் கொண்டுவருகிறவர்கள் கவனமில்லாதவர்கள் என்று நாங்கள் நினைக்கிறோம். அவள் எங்களை விடக் கவனமாக யோசித்திருக்கிறாள். நோயாளிப் பிள்ளையைத் தொட்ட தான் உள்ளே போகக்கூடாது, தொடாத மகள் போகலாம் என்று. ஆனால் தலைகீழாகப் போய்விட்டது. அவளிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டேன், உங்களுக்கும் தம்பிக்கும் சின்ன வயதில் இது வந்ததா என்று. தனக்கு வந்ததாம். தனக்கு வந்தபோது தம்பியைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம், அவனுக்கு இன்றுவரை வரவில்லையாம். ஒருமுறை வந்தவருக்குப் பொதுவாக அது திரும்ப வருவதில்லை, அவர் கொண்டுபோய்க் கொடுப்பதுமில்லை. அந்த வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பயமில்லாமல் தம்பிக்குப் பக்கத்தில் இருந்திருக்கக்கூடிய ஒரே ஆள், படிக்கட்டில் நின்ற அந்த அக்காதான். எங்கள் கதவடியில் அதைக் கேட்க எங்களிடம் ஒரு கேள்வியும் இருக்கவில்லை. உங்களுக்குக் காய்ச்சலா என்று கேட்கத் தெரிந்த எங்களுக்கு, உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்கத் தெரிந்திருக்கவில்லை.

அன்று பின்னேரம் நடந்ததை விபரமாகச் சொல்லத் தேவையில்லை. டொக்டர் வந்தார், மருந்து தொடங்கினார், ஜெயந்தனைக் கடைசி அறைக்கு மாற்றினோம். யாருக்கு முன்பு வந்தது, யாருக்கு வரவில்லை என்று நோயாளிகளையும் எங்களையும் பிரித்தோம். கதவடியில் நின்ற எங்கள் பிள்ளைக்கு வந்ததில்லை. அவளை வேலைக்கு வராமல் நிறுத்தினோம். நெருக்கடியில் கை தானாக வேலை செய்யும். கஷ்டம் பேசவேண்டிய இடத்தில்தான் வரும்.

ஹாஜியாரின் மகன் வந்தான். வாப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தவரை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டான். மறைக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. மறைத்தால் அவன் நாளைக்கு வேறு யாரிடமாவது பாதியைக் கேட்டு மீதியைத் தானே சேர்த்துக்கொள்வான். உள்ளதைச் சொன்னேன். கொப்புளிப்பான் வந்த ஒருவர் அந்தக் கட்டில்காரருக்குக் கிட்ட வந்திருக்கிறார், கட்டில்காரருக்கு இன்னும் வரவில்லை, வரலாம், உங்கள் வாப்பாவுக்கும் வரலாம், மருந்து கொடுக்கிறோம் என்றேன். அவன் கொஞ்சம் அடங்கினான். பிறகு, கொண்டுவந்தது யார் என்று கேட்டான். அதைச் சொல்லமாட்டேன் என்றேன்.

"எங்கட வாப்பாக்கு ஒண்டு நடந்தா ஆரு பொறுப்பு?"

"நான்தான் பொறுப்பு. வார்டு என்ட. ஆனா பேரு சொல்லமாட்டன்."

மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதுவதாகச் சொன்னான். எழுதவும் செய்தான். அதற்கு நான் விளக்கம் கொடுக்கவேண்டி வந்தது. அவன்மீது எனக்குக் கோபமில்லை. என் தகப்பன் அந்தக் கட்டிலில் கிடந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன். ஆனால் ஒரு பெயரை அன்றைக்கு நான் விட்டிருந்தால், அது ஏறாவூருக்கும் செங்கலடிக்கும் ஆரையம்பதிக்கும் போய்ச்சேர ஒரு நாள் கூடப் பிடித்திருக்காது. அதற்குப் பிறகு எந்த நோயாளியும் எங்களிடம் வாய் திறந்திருக்கமாட்டார். அபாயத்தைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள். வார்டில் நான் பிடிவாதம் பிடித்த விஷயங்கள் குறைவு. இது ஒன்று.

இனி சுகிர்தா. அவள் இன்னும் வாங்கில்தான் இருந்தாள். கணவன் அவளை வெறுக்கவில்லை, அவளுக்காகத்தான் மறுத்திருக்கிறார் என்று சொன்னபோது, முதலில் அவளுடைய தோள் இறங்கியது. பிறகு முகம் இறுகியது. மச்சாள் வீடுதானே என்றாள். பெயர் சொல்லமாட்டேன் என்றேன். நீங்கள் சொல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை யார் வந்தது என்று எனக்குத் தெரியும், என்னுடைய நாளை நான்தானே கொடுத்தேன் என்றாள். அதை அவள் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அவளுக்கு முன்பு வந்ததா என்று கேட்டேன். தெரியாது என்றாள். தாயிடம் கேட்கச் சொன்னேன். தாய் இல்லை. சுனாமியில் கடல் வந்த அன்று போய்விட்டா. அப்போது சுகிர்தா சின்னப் பிள்ளை. தகப்பனுக்கு அந்த இடத்திலிருந்தே கோல் எடுத்தாள். பிள்ளைகளின் வருத்தமெல்லாம் அவதான் பார்த்தா, எனக்கு ஞாபகமில்லை மகள் என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினோம். முடிவு வரும் வரை அவள் கணவனுக்குக் கிட்டப் போகமுடியாது.

வழி செய்து தருவேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? கடைசி அறையின் ஜன்னல் சைக்கிள் நிறுத்துகிற பக்கம் பார்க்கும். சுகிர்தா கீழே நிற்பாள், ஜெயந்தன் மேலே ஜன்னலடியில் கதிரை போட்டு இருப்பார், இருவரும் போனில் கதைப்பார்கள். போனில் முகம் பார்த்தே கதைக்கலாமே, எதற்கு வெயிலில் நிற்கிறாய் என்று கேட்டேன். போனில் பார்த்தால் அவர் மெலிந்தது தெரியவில்லை என்றாள்.

அந்தக் கிழமைகளைப் போல நான் எந்தக் கிழமையையும் கழித்ததில்லை. காலையில் வந்ததும் முதல் வேலை ஜெயந்தனின் சட்டையைத் தூக்கிப் பார்ப்பது. ஒரு நுளம்புக் கடியைக் கண்டாலும் விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து இன்னொரு தடவை பார்ப்பேன். ஹாஜியார் என்னைக் கண்டதும், நான் கேட்காமலே பெனியனைத் தூக்கிக் காட்டுவார். சிரிப்பதற்காகத்தான் அப்படிச் செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தாலும் கை நின்றுவிடும். ஏதும் நடக்காத ஒவ்வொரு நாளும் நல்ல நாள் என்று எடுக்க முடியாது. வரப்போவது இன்னும் வரவில்லை என்றுதான் இருக்கும்.

இரண்டாவது கிழமை முடிகிற நேரத்தில் ஜெயந்தனுக்கு வந்தது. நெஞ்சில் இரண்டு, கழுத்தில் ஒன்று. காய்ச்சல் ஏறியது. மருந்தை நாளத்தால் ஏற்றத் தொடங்கினோம். அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. யாராவது பக்கத்தில் இருந்து கரண்டி கரண்டியாகக் கொடுத்தாலாவது கொஞ்சம் உள்ளே போகும். எங்களிடம் ஆள் காணாது. சுகிர்தாவின் இரத்த முடிவு இன்னும் வரவில்லை. அவளுடைய தகப்பனுக்கு வந்ததா இல்லையா என்று அவருக்கே தெரியாது.

ஒரு ஆள் இருந்தாள். எல்லோருக்கும் அது தெரியும்.

நான் டொக்டரிடம் போனேன். அக்காவை உள்ளே விடவேண்டும் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை ஞாபகமிருக்கிறது. அந்த வீட்டிலிருந்துதானே வந்தது சிஸ்டர் என்றார். ஓம், அதனால்தான் என்றேன். அவளுக்கு முன்பே வந்துவிட்டது, பிள்ளைகள் இரண்டு பேருக்கும் காய்ந்துவிட்டது, பின்படியால் வந்து பின்படியால் போனால் மற்றக் கட்டில்களைத் தொடமாட்டாள் என்றும் சொன்னேன். கடைசியில் அவர், உங்கள் பொறுப்பு என்றார். என் பொறுப்புத்தான். படித்தது சரியென்று தெரியும். அது சரியாக நடக்கும் என்று யார் சொல்வது?

மங்கை வர மறுத்தாள். என்னைக் கண்டால் வார்டில் இருக்கிற ஆக்களுக்குப் பயமாக இருக்கும் சிஸ்டர், அவனுக்கும் இனி என் கையால் ஒன்றும் வேண்டாம் என்றாள். மகளுக்கு முகத்தில் வடு நின்றுவிட்டதாம், அதுகூட அவளுக்குக் கவலையில்லையாம், மாமாவுக்கு என்னால்தானே என்று பிள்ளை சாப்பிடுவதில்லையாம். நான் எவ்வளவு சொல்லியும் அசையவில்லை.

போனை வைத்துவிட்டுக் கீழே போனேன். சுகிர்தா சைக்கிள்களுக்குப் பக்கத்தில் நின்றாள். ஜன்னலில் கணவனைக் காணாமல் நின்றுகொண்டிருந்தாள். உள்ளதை உள்ளபடி சொன்னேன். யார் வந்து இருக்கலாம், யார் வர மறுக்கிறாள் என்பதையும் சொன்னேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். நிலத்தைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"மச்சாள், நீங்க போய் அவரிட்ட இரிங்க. என்னால ஏலாமக் கிடக்கு. நீங்கதானே சின்னனில அவருக்குத் தீத்தின நீங்க."

அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. சுகிர்தா ஓம், ஓம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில், வரும்போது அவருக்கு மெல்லிய சாரன் ஒன்று கொண்டுவாங்க, ஆஸ்பத்திரிப் போர்வை குத்துதாம் என்றாள்.

மங்கை அன்று பின்னேரமே வந்தாள். பின்படியால் ஏறி, நான் சொன்னபடி கை கழுவி, அங்கி போட்டு, அறை வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே போகக் கால் எழும்பவில்லை. ஜெயந்தன் காய்ச்சலில் கண்ணைத் திறந்து பார்த்து, என்ன அக்கா அங்க நிக்கிறாய் என்றார். அவ்வளவுதான். அவள் உள்ளே போய்க் கதிரையை இழுத்துப் போட்டாள். அதன்பிறகு கஞ்சி அவர் வாய்க்குள் போகத் தொடங்கியது. காய்ச்சல் உடனே விடவில்லை. நெஞ்சுப் படத்தை இரண்டு தடவை எடுத்துப் பார்த்துப் பயந்தோம். ஒரு நாள் டொக்டர் சுகிர்தாவைக் கூப்பிட்டுக் கதைக்கச் சொல்லிவிட்டார். எப்போது அப்படிச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. புதிதாகக் கொப்புளம் போடுவது நின்றது. முன்கூட்டியே மருந்து தொடங்கியிராவிட்டால் ஆள் தப்பியிருக்கமாட்டார் என்று டொக்டர் சொன்னார். முன்கூட்டியே தொடங்க முடிந்தது அந்த மனிதர் திங்கட்கிழமை வாய் திறந்ததால்.

ஹாஜியாருக்கு வரவில்லை. வீட்டுக்குப் போகும்போது அவருடைய மகன் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனான். ஹாஜியார் மட்டும் தலையாட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எங்கள் கதவடியில் கேள்வியை மாற்றினோம். இப்போது நீங்கள் அங்கே கேட்பது அதுதான். முதலில், நீங்கள் உள்ளே வரமுடியாமல் போனாலும் இன்றைக்கு அவரைப் பார்க்காமல் திருப்பி அனுப்பமாட்டோம், ஜன்னலால் என்றாலும் பார்க்க வைப்போம் என்று சொல்லவேண்டும். அதைச் சொன்ன பிறகுதான், வீட்டில் யாருக்கும் சுகமில்லையா, அம்மாள் வந்திருக்கிறாவா என்று கேட்கவேண்டும். அந்த வரிசையை மாற்றாதீர்கள். அவசரத்தில் இரண்டாவதை முதலில் கேட்டால் உங்களுக்குக் கிடைப்பது இல்லை என்ற சொல் மட்டும்தான். ஓம் என்று சொல்கிறவருக்கு நீங்கள் கொடுக்க ஏதாவது வைத்திருக்கவேண்டும். ஜன்னலாவது வைத்திருக்கவேண்டும்.

சுகிர்தாவின் இரத்த முடிவு, ஜெயந்தனின் கொப்புளங்கள் காயத் தொடங்கிய பிறகுதான் கொழும்பிலிருந்து வந்தது. போனில்தான் சொன்னார்கள். அவளுக்கு முன்பே வந்திருக்கிறது, எதிர்ப்பு நன்றாக இருக்கிறது, பயமில்லை. நான் கீழே ஓடிப்போய்ச் சொன்னேன். இவ்வளவு நாளும் வெயிலில் நிறுத்தியதற்கு ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். அன்றைக்குத் தெரியாததால் நிறுத்தினோம். தெரியாத நாளில் திரும்பவும் அப்படித்தான் நிறுத்துவேன். ஆனாலும் மனம் கூசியது.

அவள் ஏசவில்லை.

"அப்ப எனக்கும் வந்திரிக்கு" என்றாள். "அப்ப அம்மாதான் பாத்திரிப்பா, என்ன சிஸ்டர்? வேற ஆர் பாத்திரிக்கப் போறாங்க."

ஓம் என்றேன்.

"எத்தின வயசில எண்டு அதில தெரியுமா?"

தெரியாது என்றேன். வந்தது என்று மட்டும்தான் இரத்தம் சொல்லும். அவள் அதற்கும் தலையாட்டினாள். பிறகு என்னோடு படியேறி வந்து, கை கழுவினாள், விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, ஆறுதலாக. அறைக்குள் போனபோது மங்கை கதிரையை விட்டு எழும்பினாள். சுகிர்தா அவளை இருக்கச் சொல்லிவிட்டு, கட்டிலின் மற்றப் பக்கம் போனாள். ஜெயந்தன் பதறிப்போய், கிட்ட வராத, கிட்ட வராத என்றார். அவள் கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு அவருடைய கையைப் பிடித்தாள்.